சீர் ஏற்றிய ரேஸ் வண்டி

கொடி அசையக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வரிசையில் நின்ற பிக்கப் வண்டிகள் எல்லாம் பின்பக்கம் காலியாக, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தன. எங்கள் வண்டியில் மட்டும் ஒரு கட்டில், மெத்தை, கண்ணாடி வைத்த பீரோ, பித்தளை அண்டா, குடங்கள், எவர்சில்வர் பாத்திரங்கள், போதாக்குறைக்கு ஒரு வெட் கிரைண்டர். எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டு மூடி, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

முன் பம்பரில் மாவிலைத் தோரணம். பானெட்டில் சந்தனப் பொட்டு. நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம்.

பந்தயம் நடத்துகிறவரை எல்லோரும் கர்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பட்டாளத்தில் இருந்தாரா, மீசை மட்டும்தான் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். பீரோக் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துவிட்டுப் பாயைக் கீழே விட்டார்.

இது ரேஸா, கல்யாணமா என்று கேட்டார்.

"ரெண்டும்தானுங்க சார்" என்றான் எங்கள் மெக்கானிக் பாலு.

என் கையில் ஒரு சிலேட்டு. இன்னொரு கையில் ஸ்டாப் வாட்ச். இரண்டையும் எப்படிப் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. புதுப் பட்டுப்புடவை வேறு, வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, நெற்றியில் விபூதியும் தலையில் ஹெல்மெட்டுமாக, சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

தனக்கே தெரியாத ஸ்பான்ஸர்

சென்ற வாரம் கிரைண்டர் கல் கொத்துவதைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகர், "அம்மா, மாவரைக்கிற கதையை விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். சரி, ரேஸ் கதை சொல்கிறேன். ஆனால் அதிலும் கிரைண்டர் வரும். எங்கள் வீட்டில் கிரைண்டர் இல்லாமல் ஒரு கதையும் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில், நான் கல்யாணமாகிப் பீளமேட்டுக்கு வந்த புதிது. மாமனார் 'செல்லாத்தா கிரைண்டர்ஸ்' நடத்திக்கொண்டிருந்தார். கம்பெனிக்கு ஒரு பிக்கப் வண்டி. திங்கள் முதல் சனி வரை அது கடை கடையாகக் கிரைண்டர் இறக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரேஸ் வண்டி.

எங்கள் ஊரில் மில் வீட்டுப் பையன்களுக்குக் கார் ரேஸ் பைத்தியம் உண்டு. சூலூர்ப் பக்கம், உலகச் சண்டைக் காலத்தில் யாரோ போட்டுவிட்டு மறந்துபோன ஒரு பழைய ஓடுதளத்தில் ஓட்டுவார்கள். இரண்டு கார் பந்தயங்களுக்கு நடுவே சும்மா இருக்க வேண்டாம் என்று பிக்கப் வண்டிகளுக்கும் ஒரு பந்தயம் வைத்தார்கள். ஒரே விதிதான். ஷோரூமிலிருந்து வந்தபடி வண்டி இருக்க வேண்டும், எதையும் கழற்றக்கூடாது.

இதைக் கேள்விப்பட்டதும் என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் போயிற்று. அவர் பெயர் பழனிச்சாமி. கல்யாணமான புதிதில் என்னைப் பார்த்து அவர் கண் அப்படி விரிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தறிப்பட்டறைக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிற பாலுவைச் சேர்த்துக்கொண்டார். பாலு வீட்டில் தெலுங்கு. வண்டி சொன்னபடி கேட்டால் தமிழில் கொஞ்சுவான், கேட்காவிட்டால் தெலுங்கில் திட்டுவான். நாங்கள் அவன் பேசுகிற பாஷையைக் கேட்டே வண்டியின் நிலவரத்தைத் தெரிந்துகொள்வோம். முக்கால்வாசி நாள் தெலுங்குதான்.

'செல்லாத்தா ரேஸிங் – புரொபஷனல் டீம்' என்று என் வீட்டுக்காரர் கார்டு வேறு அடித்தார். புரொபஷனல் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ஸ்பான்ஸர் இருந்தால் புரொபஷனல்தான் என்றார். ஸ்பான்ஸர் யார் என்றேன். அப்பா என்றார்.

அந்த அப்பாவுக்குத்தான் இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வண்டி எங்கே என்று கேட்டால், சர்வீஸ் விட்டிருக்கிறோம் என்று சொல்லிவிடுவோம். பையனுக்கு வண்டிமேல் இவ்வளவு அக்கறையா என்று மாமனார் பேசாமல் போய்விடுவார்.

வளைவில் ஹாரன்

எங்கள் டீமின் சாதனைகளைச் சொல்ல அதிக இடம் வேண்டியதில்லை. முதல் பந்தயத்தில் கடைசி. அடுத்ததிலும் கடைசி. அப்புறம் ஒருமுறை முன்னால் போன இரண்டு வண்டிகள் ஒன்றோடொன்று மோதி நின்றதால் கடைசிக்கு இரண்டு இடம் முன்னால் வந்தோம். அன்றைக்கு எல்லோரும் வயிறாரப் பிரியாணி சாப்பிட்டோம்.

என் வீட்டுக்காரர் நல்ல டிரைவர்தான். வால்பாறை மலையில் கிரைண்டர் ஏற்றிப்போய் ஒரு கீறல் இல்லாமல் இறக்குகிற டிரைவர். சிக்கல் என்னவென்றால் ரேஸிலும் அப்படியே ஓட்டுவார். வளைவு வந்தால் ஹாரன் அடிப்பார். பின்னால் ஒருத்தன் விளக்குப் போட்டுக் காட்டினான் என்று கையை வெளியே நீட்டி, போங்க போங்க என்று வழிவிட்ட ஆள் அவர். என்னுங்க இப்படிப் பண்றீங்க என்று கேட்டதற்கு, அவசரமாப் போறவரை மறிக்கிறது தப்பில்லையா என்றார்.

வண்டிக்கும் ஒரு கோளாறு இருந்தது. தார் டிரம் வைத்த வளைவுகளில் பின்பக்கம் துள்ளி, பக்கவாட்டில் ஒரு குதி குதிக்கும். பாலு ஸ்பிரிங் பட்டையை மாற்றினான், டயரில் காற்றைக் குறைத்தான், தெலுங்கில் எல்லாம் சொல்லிப் பார்த்தான். அது குதிப்பதை நிறுத்தவில்லை.

வண்டியின் பின்கதவில் கம்பெனி விளம்பரம் எழுதியிருக்கும்: 'மாவு வெண்ணெய் போல இருக்கும்.' அதைப் படிக்க எங்களுக்குப் பின்னால் ஆள் வர வேண்டுமே, வந்ததில்லை.

சிலேட்டுக்காரி

இந்த டீமில் ரேஸ் தெரிந்த ஒரே ஆள் என் நாத்தனார் கவிதா. என் வீட்டுக்காரரின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் பாப்பா.

முதல் பந்தயத்துக்கு அவள் புளிச்சோறு கொண்டுவரத்தான் வந்தாள். கல்லூரியில் ஓட்டப்பந்தயம் ஓடியவள், பையில் ஸ்டாப் வாட்ச் கிடந்தது. சும்மா அமுக்கிப் பார்த்தாள். சாப்பிடும்போது அண்ணனிடம், நீ ரெண்டாவது வளைவில் தூங்குகிறாய், அங்கே மட்டும் எல்லோரும் உன்னைத் தாண்டுகிறார்கள் என்றாள். பாலு சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான். அன்றிலிருந்து அவள்தான் எங்களுக்குக் கேப்டன்.

பள்ளிக்கூடச் சிலேட்டு ஒன்று வாங்கினாள். வண்டி ஒவ்வொரு சுற்று வரும்போதும் ஒரே ஒரு வார்த்தை எழுதித் தூக்கிப் பிடிப்பாள். 'முறுக்கு' என்றால் வேகம். 'பொறு' என்றால் பொறுமை. ஒருமுறை கோபத்தில் 'தூ' என்று எழுதினாள், அண்ணனுக்கு அதுவும் புரிந்தது.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. அவளுக்குப் பொள்ளாச்சியில் மாப்பிள்ளை அமைந்தது. கொப்பரை வியாபாரம், நல்ல குடும்பம், மாப்பிள்ளையும் நல்ல மாதிரி. கவிதாவுக்கும் பிடித்திருந்தது. நாள் குறித்த அன்று என்னிடம் வந்து உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்பார்கள்.

"நங்கை, கல்யாணத்துக்கு முன்னால ஒரே ஒரு கப்பு வாங்கிப்போடோணுங்க. அப்பறம் நான் எங்க வரப்போறேன்" என்றாள்.

 கல்யாணத்துக்கு முன்னால் மிச்சமிருந்தது ஒரே ஒரு பந்தயம். அது கல்யாணத்துக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில். அவள் வர முடியாது, கல்யாணப் பெண் வெளியே போகக்கூடாது. வண்டியாவது போகலாம் அல்லவா? போயே ஆகவும் வேண்டும். ஏற்கெனவே ஊர் நோம்பி, கோயில் திருவிழா என்று ஒரு பந்தயத்துக்கு மட்டம் போட்டிருந்தோம். இன்னொரு முறை வராவிட்டால் டீம் பெயரையே அடித்துவிடுவேன் என்று கர்னல் சொல்லியிருந்தார்.

நல்ல நேரம்

திட்டம் சரியாகத்தான் இருந்தது. காலையில் ரேஸ். மதியம் வீட்டுக்கு வந்து சீர் ஏற்றுவது. சாயந்திரம் நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பொள்ளாச்சியில் இறக்குவது.

மாமனார் நல்ல மனுஷர், அதிகம் பேசமாட்டார். ஆனால் இரண்டு விஷயத்தில் உலகமே புரண்டாலும் அவர் புரளமாட்டார். ஒன்று நல்ல நேரம். இன்னொன்று ஒற்றைப்படை. இட்லிகூட மூன்று, இல்லாவிட்டால் ஐந்து. நாலாவதைத் தட்டில் வைத்தால் ஐந்தாவது வரும்வரை கை வைக்கமாட்டார்.

சனிக்கிழமை ஜோசியர் வீட்டிலிருந்து வந்தவர், மதியம் ஆகாது, காலையில் வெயில் ஏறுவதற்குள் சீர் ஏற்ற வேண்டும் என்றார். சொந்த வண்டி நிற்கும்போது வாடகை வண்டி எதற்கு என்றும் சொன்னார். நல்ல நேரத்தில் ஏற்றிய சீரை மாப்பிள்ளை வீட்டு வாசலில்தான் இறக்க வேண்டும், நடுவில் ஒரு கரண்டியைக்கூட இறக்கக்கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஞாயிறு காலை கட்டிலும் பீரோவும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. ரேஸ் போச்சு, டீம் போச்சு. அப்பாவிடம் சொல்லவும் முடியாது. பாலு ஒரு மூலையில் மெதுவாகத் தெலுங்கு பேசிக்கொண்டிருந்தான்.

கவிதா ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள். உள்ளே போனேன். ஸ்டாப் வாட்சையும் சிலேட்டையும் முந்தானையில் மறைத்து வைத்திருந்தாள்.

"நங்கை, அது யாரு சீருங்க?"

"உன்றதுதான் கண்ணு."

"அப்ப நாஞ் சொல்றேன். சீரோட ஓட்டச் சொல்லுங்க."

உனக்கென்ன பைத்தியமா, பீரோக் கண்ணாடி உடைந்தால் என்ன ஆகும் என்றேன். கண்ணாடிக்கு மெத்தையை அணை கொடுங்கள், அண்டாவுக்குள் தலையணையைத் திணியுங்கள் என்றாள். ராத்திரியே யோசித்துவிட்டிருக்கிறாள், திருடி.

குலதெய்வக் கோயிலுக்குப் போய்ச் சீரைக் காட்டிவிட்டு அப்படியே பொள்ளாச்சிக்கு வந்துவிடுகிறோம் என்று மாமனாரிடம் சொன்னோம். சீரோடு போகிற சுமங்கலியாக நானும் ஏறினேன். சீரில் வைக்கும் பாத்திரம் ஒற்றைப்படையாக இருக்கிறது, எண்ணிக்கையைச் சம்பந்தி வீட்டில் சொல்லியாகிவிட்டது, பத்திரம் என்றார் மாமனார். தானே குனிந்து சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். நான் குலதெய்வம் செல்லாத்தாளை வேண்டிக்கொண்டு, ஓடுதளத்தில் வைப்பதற்கென்று இன்னும் நாலு பழத்தைப் பையில் போட்டுக்கொண்டேன்.

லோடு கேட்ட வண்டி

மறுபடி அந்தத் தொடக்கக் கோட்டுக்கு வருவோம். கர்னல், இதை அனுமதிக்க முடியாது, விதி இருக்கிறது என்றார்.

"ஒண்ணும் கழட்டக்கூடாதுன்னுதானுங்க விதி. ஏத்தக்கூடாதுன்னு எங்கீங்க இருக்குது?" என்றான் பாலு.

கர்னல் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு, கடைசி ஆளாக வரப்போகிறவனோடு எதற்கு வம்பு என்று நினைத்திருப்பார். ஓட்டச் சொல்லிவிட்டார். (அடுத்த வருஷம் விதியில் 'எதையும் ஏற்றவும் கூடாது' என்று சேர்த்தார்கள். எங்கள் ஊர் ரேஸ் சரித்திரத்துக்குச் செல்லாத்தா டீம் கொடுத்த ஒரே நன்கொடை அதுதான்.)

கொடி இறங்கியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லா வண்டிகளும் பாய்ந்தன, எங்கள் வண்டி பெண்ணழைப்புக்குப் போகிற மாதிரி கிளம்பியது. ஓடுதள ஓரத்தில் பாலுவோடு நின்ற நான் வாட்சை அமுக்கினேன். சரியான பொத்தானைத்தான் அமுக்கினேன் என்று நினைக்கிறேன்.

முதல் வளைவு வந்தது. எப்போதும் குதிக்கிற இடம். நான் கண்ணை மூடிக்கொண்டேன், காதில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால், முன்னால் போன வண்டிகள் எல்லாம் அங்கே பின்பக்கம் துள்ளித் தடுமாற, எங்கள் வண்டி பின்பக்கத்தை அம்மிக்கல்லாக வைத்துக்கொண்டு ஒரே வளைவாக வளைந்து, ஹாரன் அடித்துக்கொண்டு, இரண்டு பேரைத் தாண்டிப் போனது.

பாலு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இத்தன வருசமா லோடு வண்டிய வெறும் வண்டியா ஓட்டிட்டு, குதிக்குது குதிக்குதுன்னு திட்டியிருக்கிறோம் பாருங்க" என்றான். தமிழில்தான் சொன்னான்.

நேர் ஓட்டத்தில் மற்றவர்கள் எங்களைத் தாண்டுவார்கள். வளைவில் நாங்கள் அவர்களைத் தாண்டுவோம்.  கவிதா என்ன எழுதுவாள் என்று யோசித்து, எனக்குத் தெரிந்த விதத்தில் எழுதினேன்: 'ஏனுங்க, ரெண்டாவது வளைவில கொஞ்சம் பாத்து, ஆனா வேகமாப் போங்க.' சிலேட்டில் இடம் போதாமல் கடைசி வார்த்தை மடங்கிக் கீழே வந்தது. அவர் அதைப் படித்து முடிக்க மூன்று சுற்று ஆயிற்றாம். ஒவ்வொரு சுற்றிலும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார். போகப்போக எழுத்தை விட்டுவிட்டுச் சும்மா சிலேட்டை ஆட்டினேன்.

கடைசிச் சுற்றில் நாங்கள் நாலாவது. மூன்றாவதாகப் போனது திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவரின் சிவப்பு வண்டி. வளைவில் என் வீட்டுக்காரர் அவர் பக்கவாட்டுக்கு வந்துவிட்டார். அப்போதுதான் தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்தது.

தூக்குப்போசி

வண்டியிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி, மூடி போட்ட தூக்குவாளி, பறந்து வந்து விழுந்தது. டங் டங்கென்று ஓடுதளத்தில் உருண்டு, சிவப்பு வண்டிக்கு நேராகப் போனது. அவர் அதன்மேல் ஏற்றாமல் ஒடித்தார். தார் டிரம்மில் இடித்து நின்றார். அந்த இடைவெளியில் எங்கள் வண்டி கோட்டைத் தாண்டிவிட்டது. பின்னால் வந்த இன்னொரு வண்டி தூக்குப்போசியை அப்பளமாக்கிவிட்டுப் போனது.

மூன்றாம் இடம்.

நான் குதித்தேன். பட்டுப்புடவையோடு, சிலேட்டோடு குதித்தேன். பாலு அழுதுகொண்டே சிரித்தான். ஆனால் கர்னல் முகம் சரியில்லை. சாமானை வீசிப் பாதையை மறித்தால் எப்படிப் பரிசு கொடுப்பது, திருப்பூர்க்காரர் புகார் சொன்னால் எங்களை நீக்க வேண்டியதுதான் என்றார்.

திருப்பூர்க்காரர் கையில் அந்த நசுங்கிய தூக்குப்போசியோடு நடந்து வந்தார். பம்பர் போன கோபம் முகத்தில் இருந்தது. எங்கள் வண்டிப் பக்கம் வந்து அவிழ்ந்த தார்ப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார். மாவிலையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"சீர்ச் சாமானுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

ஆமாங்க, நாத்தனார் கல்யாணம் என்றேன். அவர் தூக்குப்போசியை இரண்டு கையாலும் நீட்டினார். பிறகு கர்னல் பக்கம் திரும்பினார்.

"புகாரெல்லாம் இல்லீங்க சார். பொண்ணுச் சீரு மேல கேஸ் போட்டேன்னு தெரிஞ்சா எங்கூட்டுல எனக்குச் சோறு போட மாட்டாங்க."

எங்களுக்குக் கோப்பை கிடைத்தது. வெள்ளி மாதிரி மின்னும், இரண்டு பக்கமும் காது, ஒரு படி பால் கொள்ளும். மூன்றாம் இடம் என்று இங்கிலீஷில் வெட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் அதை மடியில் வைத்துக்கொண்டார். இறக்கி வையுங்கள், கியர் போட இடிக்கிறது என்றால்கூட வைக்கவில்லை.

கயிற்றை மறுபடி கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. பாத்திரத்தில் ஒன்று குறைகிறது. ஒற்றைப்படை இரட்டைப்படை ஆகிவிட்டது. அதுவும் எண்ணிக்கையைச் சொல்லியாகிவிட்ட சீர். கவிதா நாளைக்கு அந்த வீட்டில் காலடி வைக்கப் போகிறவள், சீரில் ஒன்று குறைந்தது என்று ஒரம்பரை சொந்தமெல்லாம் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுமே. வழியெல்லாம் பாத்திரக்கடை தேடினோம். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. ராகுகாலமோ எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது.

என் கண் கோப்பைமேல் போனது. உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டேன். மூன்று வருஷம் அவர் ஏங்கியது, இன்னும் சூடுகூட ஆறவில்லை, அதை எப்படிக் கேட்பது? நான் கேட்கவில்லை. கிணத்துக்கடவு தாண்டியதும் அவரே வண்டியை ஓரம் கட்டினார். வேட்டி முனையால் கோப்பையைத் துடைத்தார்.

"கப்பு வேணும்னு சொன்னது பாப்பாதான. அவகூடவே போவட்டும்" என்றார்.

இறங்கிப் போய் அதைக் குடங்களுக்கு நடுவே வைத்தார். எனக்கு அன்றைக்குத்தான் அந்த மனுஷன்மேல் நிஜமாகவே ஆசை வந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து வந்தது என்பதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

பேர் சொல்லிச் சொல்லி

ராகுகாலத்துக்குச் சற்று முன்னால் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றோம். மாமனார் உறவுக்காரர்களோடு வேனில் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். கோயிலில் கூட்டமா என்று கேட்டார். நெம்பக் கூட்டமுங்க மாமா என்றேன்.

சீரை இறக்கிப் பந்தலில் பரப்பினோம். அண்டாவில் ஒரு நசுங்கல் இருந்தது, அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான் பாலு. பீரோக் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒவ்வொரு பாத்திரமாகத் தூக்கி, ஊருக்குக் கேட்கிறபடி பேர் சொன்னார். குடம். சருவம். அன்னக்கூடை. ஒவ்வொன்றுக்கும் பெண்கள் தலையசைத்தார்கள்.

கோப்பை வந்தது. பெரியப்பா அதை இரண்டு காதிலும் பிடித்துத் தூக்கினார். திருப்பிப் பார்த்தார். உள்ளே பார்த்தார்.

"இதென்ன பாத்தரமுங்க?"

பந்தலே எங்களைப் பார்த்தது. பூச்சாடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மாமனார் எழுந்து வந்து கோப்பையை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதில் வெட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"கப்புங்க" என்றார் மாமனார். "என்ற பொண்ணு செயிச்சது."

 மாப்பிள்ளையின் அம்மா, அட, மருமவ காலேஜுல ஓடுனவளாமா என்று பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையாகச் சொன்னார். பெரியப்பா உரக்கச் சொன்னார்: "கப்பு ஒண்ணு." எண்ணிக்கை சரியாக இருந்தது.

அந்தக் கோப்பை இன்னும் பொள்ளாச்சியில்தான் இருக்கிறது. கவிதாவின் மாமியார் அதில் வெகுகாலம் புளி போட்டு வைத்திருந்தார். நான் போகும்போதெல்லாம் எடுத்துத் துலக்கி வைத்துவிட்டு வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ்

திரும்பும்போது மாமனார் வேனில் ஏறவில்லை. எங்கள் வண்டிக்கு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். பாலு பின்னால் காலி இடத்தில் உட்கார்ந்தான். லோடு இல்லாத வண்டி பழையபடி குதிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு குதிக்கும் பின்னாலிருந்து தெலுங்கு கேட்டது.

மாமனார் மேல்துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன்டா பழனி" என்றார் மாமனார். "ஞாயித்துக்கெழம எந்த சர்வீஸ் ஸ்டேசன்டா தொறந்திருக்குது? மூணு வருசமா எனக்கு இது ஒரு சந்தேகம்."

என் வீட்டுக்காரர் நேர் ரோட்டில் ஹாரன் அடித்தார்.

மாமனார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஓடுதளத்துக்கே வந்திருக்கிறார். மகனை நாலு பேர் முன்னால் அடிக்க வேண்டும் என்றுதான் வந்தாராம். கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தால், மகள் சிலேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்திருக்கிறார். திரும்பி பஸ் ஏறிவிட்டார்.

"புள்ள அப்படிச் சந்தோசமா நின்னு நான் பாத்ததில்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "அவ இன்னிக்கு இருந்திருந்தா ரெண்டாவது வந்திருப்பீங்க" என்றார். என் சிலேட்டைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது கவிதா இரண்டு கையிலும் மருதாணி வைத்துக்கொண்டு, வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அப்பா இருப்பதைக்கூடக் கவனிக்கவில்லை. என்ன இடம், என்ன நேரம் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். மூணாவது கண்ணு என்றேன். நேரத்துக்காகப் பையிலிருந்து வாட்சை எடுத்தேன். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அமுக்கியவள் நிறுத்தவே இல்லை.

கவிதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தி, கப்பு எங்கே என்றாள். உனக்கு முன்னால் போய் உன் மாமியார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்றேன்.

மாமனார் என் கையிலிருந்து வாட்சை வாங்கினார். பொத்தானை அமுக்கி நிறுத்தினார். நாளைக்கு அவள் கொண்டுபோக மூடி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, மடித்த புடவைகளுக்கு மேலே அதை வைத்தார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"அதுவுஞ் சேந்தா ரெட்டப்படை ஆயிருமுங்களே மாமா" என்றேன்.

"ஆனா ஆயிட்டுப் போவுது" என்றார் மாமனார்.

கவிதா மருதாணி ஈரத்தை மறந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் தாரை வார்க்கும்போது அதே சட்டையின் முதுகில் பத்து விரலும் செக்கச்செவேலென்று இருந்தது. வேறு சட்டை எடுத்துக்கொடுத்தோம், மாற்றமாட்டேன் என்றுவிட்டார்.